முல்லைக்குத் தேர்

மாசித் திருவிழா முடிந்த சில நாட்களுக்குப் பிறகு மேல்மலையனூருக்குப் போயிருந்தேன். அழைத்துப் போனவர் நண்பர் ஒருவர். ஏறிப்போன வாகனம் அவருடைய தகப்பனார் விட்டுச் சென்ற பழைய அமெரிக்க பிளிமத் கார். செஞ்சியைத் தாண்டியதும் வழிநெடுக ஜனங்கள் நின்று பார்த்தார்கள். காரைத்தான் பார்த்தார்கள், எங்களை ஒருவரும் பார்க்கவில்லை.

நண்பருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

"இதை ஓர் அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிடலாமென்று இருக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் விற்கக் கூடாது. அப்பா பெயர் எழுதிய பலகையோடு வாசலில் நிறுத்தி வைக்க வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும் ஒரு வண்டியை வாசலில் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தைகள் என்ன செய்யும் என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்டால் அவர் மனம் நோகும். ஆகவே பழங்கதைகளைத் துணைக்கு அழைத்தேன்.

வாகனம் கொடுத்த வள்ளல் என்றதும் நமக்கு நினைவு வருகிறவன் பறம்பு மலைப் பாரி. பற்றிப் படரக் கொழுகொம்பு இல்லாமல் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே கொடுத்தான். ஒரு மூங்கில் குச்சி போதாதா என்று கேலி செய்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். நான் வியப்பது வேறொன்றை. அந்தத் தேர் இனியும் தேராகவே நிற்க வேண்டுமென்று பாரி கேட்கவில்லை. பந்தலாகட்டும் என்று விட்டுவிட்டான்.

பாரி மாண்ட பிறகு அவனுடைய பெண்களை அழைத்துக்கொண்டு கபிலர் வந்து சேர்ந்தது இந்தப் பக்கம்தான். பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டொன்று, ராஜராஜன் காலத்தது, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்ததைச் சொல்கிறது. அதே திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, புலவர்களுக்குத் தேர் கொடுத்தே பெயர் பெற்றவன். கள் குடித்துக் களித்திருக்கும் நேரத்தில் தேர் கொடுப்பது எவருக்கும் எளிது, காரியோ தெளிந்த புத்தியோடு கொடுப்பவன் என்பது கபிலர் அவனுக்குத் தந்த நற்சாட்சி. குடிமயக்கம் மட்டுமா மயக்கம்? தகப்பனார் மீதுள்ள பாசமும், பெயர்ப் பலகையின் மேல் ஆசையும் கூட மயக்கங்கள்தாமே!

அரசர்கள் இருக்கட்டும். சாதாரண ஜனங்கள் எப்படிக் கொடுத்தார்கள்? சோழர் காலக் கல்வெட்டுகளைப் புரட்டினால், கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் கொடுத்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். ஆட்டைக் கோயில் வாசலில் கட்டிவைக்கவில்லை. இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தார்கள். ஆடு சாகும், குட்டி போடும். கணக்கில் 96 குறையாது. 'சாவா மூவாப் பேராடு' என்று அதற்குப் பெயர். ஆடு நெய்யாகி, நெய் வெளிச்சமாகிற வித்தை அது.

இதே வித்தையை நம் காலத்தில் ஒரு காரை வைத்துக் காட்டியவர் அன்னை தெரசா. 1964 டிசம்பரில் பம்பாயில் உலக நற்கருணை மாநாடு நடந்தது. போப் ஆறாம் பவுல் அதற்கு வந்தார். இந்திய மண்ணை மிதித்த முதல் போப் அவர். அவர் ஏறிச் செல்ல அமெரிக்கர்கள் ஒரு வெள்ளை லிங்கன் கான்டினென்டல் காரைக் கொடுத்திருந்தார்கள். புறப்படும்போது அதை அன்னை தெரசாவுக்குத் தந்துவிட்டுப் போனார். போப் உட்கார்ந்த கார்! கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் பூஜித்திருக்கலாம். அந்த அம்மையார் அதற்குச் சீட்டு விற்றுக் குலுக்கல் நடத்தினார். லட்சக் கணக்கில் பணம் சேர்ந்தது. அது ஆசன்சோலுக்கு அருகே தொழுநோயாளிகளுக்காக எழுந்த சாந்தி நகருக்குப் போயிற்று. கார் கட்டடமாயிற்று.

"சாமிக்குக் கொடுத்ததை விற்கலாமா?" என்று நண்பர் குறுக்கிட்டார்.

குருவாயூரைச் சொன்னேன். 2021 டிசம்பரில் மகிந்திரா கம்பெனியார் குருவாயூரப்பனுக்கு ஒரு 'தார்' ஜீப்பைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். குருவாயூரப்பன் ஜீப்பில் எங்கே போவார்? தேவஸ்வம் அதை ஏலம் விட்டது. கேட்டவர் ஒருவரே, 15 லட்சத்துப் 10 ஆயிரத்துக்கு முடிந்தது. அது சரியில்லை என்று வழக்கு எழுந்தது. 2022 ஜூனில் மறுபடி ஏலம் விட்டபோது 43 லட்சத்துக்குப் போயிற்று. வழக்குப் போட்டவர்களின் ஆட்சேபம் ஏலம் நடந்த விதத்தைப் பற்றித்தான். காணிக்கையை ஏன் விற்றீர்கள் என்பது அங்கே வழக்கு அல்ல.

நண்பர் பேசவில்லை. கோயிலை அடைந்தோம். அங்காளம்மனைத் தரிசித்துவிட்டு வெளியே வந்தபோது, தேரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர் வழக்கம் அது. சினந்து நின்ற அங்காளியைச் சாந்தப்படுத்தத் தேவர்களே தேரின் அங்கங்களாக ஆனார்கள் என்பது ஸ்தல கதை. அதனால் ஆண்டுதோறும் புதிதாக மரம் வெட்டிவந்து தேர் கட்டுகிறார்கள். மாசித் திருவிழாவின் ஏழாம் நாள் அம்மன் அதில் பவனி வருகிறாள். பிறகு அவிழ்த்துவிடுகிறார்கள்.

சட்டங்களை இறக்கிக்கொண்டிருந்த ஓர் ஆசாரியிடம் நண்பர் கேட்டார்: "இவ்வளவு பாடுபட்டுச் செய்துவிட்டுப் பிரிக்கிறீர்களே, மனசு கஷ்டப்படாதா?"

"ஆத்தா ஏறி வந்துட்டாளே சாமி, அப்புறம் என்ன?" என்றார் ஆசாரி.

நண்பர் காருக்குத் திரும்பி வந்தார். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். தகப்பனார் கை பட்டுத் தேய்ந்த வளையம் அது. நான் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு, "பலகை வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்த இல்லத்தார் காரை விற்றார்கள். குழந்தைகள் படுக்கும் கூடத்துக்கு மழை ஒழுகாத கூரை வந்தது. காரை யார் வாங்கினார்கள் என்று நண்பர் விசாரிக்கவில்லை.