பழுதும் பணிவும்: தென்காசிச் சாசனம் ஒன்றை முன்னிட்டு

தென்காசி காசிவிசுவநாதர் ஆலயத்தை 1446-ஆம் ஆண்டில் எடுப்பிக்கத் தொடங்கிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன், அங்கே கல்லில் பொறிப்பித்த பாடல்களுள் ஒன்றில், வரக்கூடாத குற்றம் ஏதேனும் இவ்வாலயத்துக்கு வந்துவிடுமானால் அதனைத் தீர்த்துக் காப்பவர் யாராயினும், அவரை உலகறியத் தான் பணிந்துவிட்டதாகக் கூறுகிறான். தர்மத்தைக் காத்தவனுடைய திருவடியைத் தலைமேற்கொள்வதாகச் சாசனங்களில் சொல்வது பழைய சம்பிரதாயமே. ஆயினும் அதன் அருகிலேயே, அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திற் போவான் என்னும் சாபமும் பெரும்பாலும் நிற்கும். இப்பாடலில் சாபம் இல்லை. குற்றம் வரக்கூடும் என்ற ஒப்புதலும், அதைத் தீர்க்கும் கைக்கு முன்கூட்டிய வணக்கமுமே உள்ளன.

இவ்வாறு பாடியவன் தோல்வியறியாத குலத்தில் வந்தவன் அல்லன். 1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பு, அதன்பின் சுல்தான்களின் ஆட்சி, அதன்பின் விசயநகரத்தாரின் ஆதிக்கம் என்று மதுரை கைவிட்டுப் போன பிறகு, சித்திராநதிக் கரையில் ஒதுங்கி எஞ்சிய சிறு நாட்டை ஆண்ட மரபினன் அவன். இழந்த மதுரையை எண்ணி ஏங்குவதிலேயே ஆயுளைக் கழித்திருக்கலாம். அவனோ, உள்ள இடத்தில் ஒரு காசியை எழுப்பினான். கட்டியது சிதையும் என்பதைக் குலத்தின் சரித்திரத்திலேயே கண்டிருந்தமையால்தான் பழுதைப் பற்றி அவனால் கோபமின்றிப் பேச முடிந்தது என்பது என் துணிபு.

அவன் எதிர்நோக்கிய குற்றம் வந்தது. இராசகோபுரம் சிதைந்து பிளவுண்டு, பல தலைமுறைக் காலம் மொட்டையாகவே நின்றது. ஒன்பது நிலைகளோடு, ஏறத்தாழ 180 அடி உயரத்தில் அது மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1990-இல்தான்.

தன் பிழைக்குப் பின் மனிதன் தன்னிடத்தில் எவ்வாறு நடந்துகொள்வது என்ற வினாவுக்கு இச்சாசனத்தில் விடை இருப்பதாக நான் கருதுகிறேன். கோயிலுக்குப் பழுது செய்தவனும் அதைத் தீர்ப்பவனும் வெவ்வேறு மனிதர். மனத்திலோ இருவரும் ஒருவரே. நேற்றுத் தவறியவனைத் தண்டிப்பதாக எண்ணி நாம் ஓங்குகிற கோல், நாளை அதைச் செப்பனிட வேண்டியவன் முதுகிலேயே விழுகிறது.

குறளின் வினைத்தூய்மை அதிகாரத்து ஐந்தாம் பாட்டுக்கு எழுந்த உரைவேற்றுமை இங்கே கருதத்தக்கது. பின்னர் இரங்கத்தக்க வினையைச் செய்யாதே, செய்துவிட்டால் அத்தகையதை மீண்டும் செய்யாதே என்பது பலரும் கொள்ளும் பொருள். பரிமேலழகரோ, மயங்கிச் செய்துவிட்டால் பின்னிருந்து அந்த இரங்கலைச் செய்யாதொழிதல் நன்று என்று உரைக்கிறார். சொற்கிடக்கைக்கு எது பொருந்தும் என்ற வழக்கு ஒருபுறம் இருக்க, அனுபவத்தில் இரண்டாவது கைகூடாமல் முதலாவது கைகூடுவது அரிது. ஓயாத இரங்கலில் மூழ்கியவனுக்குத் திருந்துவதற்கு வேண்டிய பலமே எஞ்சுவதில்லை.

இது சோம்பலுக்கு இடங்கொடுக்காதா என்பது நியாயமான ஆட்சேபம். 2003-இல் தற்கருணை என்ற கருத்தை உளவியலில் வரையறுத்த கிறிஸ்டின் நெஃப், தன்னிடம் அன்பு, பிழை மானிடர்க்குப் பொது என்ற உணர்வு, துன்பத்தை மிகையோ குறையோ இன்றிக் காணும் விழிப்பு ஆகிய மூன்றையும் அதன் உறுப்புகளாக்கினார். தோல்விக்குப் பின் தம்மைக் கருணையோடு நோக்கியவர்கள் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தனர் என்பதை ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சாசனமும் இதையே நினைவூட்டுகிறது: பாண்டியன் பணிந்தது பழுதைக் கண்டும் காணாததுபோல் செல்பவனை அன்று, அதைத் தீர்ப்பவனை.

திருப்பணி முறையிலும் இந்தப் பரிவு அமைந்திருக்கிறது. சந்நிதியில் வேலை நடக்குங்காலத்தில் மூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதிக்கு மாற்றி, நித்திய பூசையைத் தடையின்றி நடத்துகிறார்கள். பழுது தீரும்வரை தெய்வம் பட்டினி கிடக்கட்டும் என்று எந்த ஆகமமும் விதிக்கவில்லை. தேர்வில் தவறிய பிள்ளை சோற்றைத் தள்ளிவிட்டு மூலையில் முடங்கும்போதும், தொழிலில் நொடித்தவர் கண்ணாடியில் தம் முகத்தைக் காணக் கூசும்போதும் நான் நினைப்பது இந்தப் பாலாலயத்தைத்தான். தென்காசிக்கு அருகே, குற்றாலத்துப் பேரருவியில் வெள்ளம் பெருகிப் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும் நாளில் எவரையும் நீராட விடுவதில்லை. தணிந்தபின் அதே அருவியில் எல்லோரும் தலை நனைக்கிறார்கள். பச்சாத்தாபமும் பெருக்கெடுத்து நிற்கும் நாளில் அதற்குள் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

குற்றாலத்துக்கு வரும் அன்பர்கள் தென்காசியிலும் இறங்கி அந்தப் பாடலைத் தேடிப் படிக்க வேண்டுகிறேன். யாராயினும் என்று அரசன் சொன்ன அந்த வணக்கத்தில் தமக்கும் பங்குண்டு என்று அவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.