கோடியக்கரை: கடற்கரை மடங்கும் முனை

சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கிவந்து, கோடியக்கரையில் ஏறத்தாழச் செங்கோணமாக மேற்கே மடங்குகிறது. முனைக்குக் கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. அக்கரையில் யாழ்ப்பாணக் குடாநாடு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூருக்கு வேதாரண்யத்திலிருந்து கோடியக்காடு வழியாகத் தெற்கே செல்ல வேண்டும். நிலம் முழுவதும் தட்டை. ராமர் பாதம் எனப்படும் சிறு மணல்மேடுதான் இங்கே உயர்ந்த இடம். கடல் படிப்படியாகப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பழைய மணல்வரிகள் வேதாரண்யம் பகுதி நெடுகக் காணப்படுகின்றன. அவற்றுக்கு மேற்கே, நீரிணையை ஒட்டி, நாற்பது கிலோமீட்டருக்கும் மேலாக உவர்ச் சதுப்பு பரந்து கிடக்கிறது.

உவர்நிலமும் மணலும் சூழ்ந்த இந்த மூலையில் பெரிய ஊர் எழவில்லை. இங்கே குடியிருந்தவர்களைவிட வந்துபோனவர்களே எக்காலத்திலும் அதிகம். கோடியக்கரையின் வரலாறு பெரும்பாலும் அவர்களுடையது.

ஊரைப் பற்றிய பழைய சித்திரம் சுந்தரர் தேவாரத்தில் உள்ளது. மறைக்காடு எனப்பட்ட வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடற்காற்று வீசும் கரையில், ஆந்தையும் கூகையும் அலறும் காட்டருகே துணையின்றி ஏன் இருக்கிறீர் என்று இவ்வூர்ச் சிவனாகிய கோடிக்குழகரை அவர் வருந்திக் கேட்கிறார். பக்திப் பாடல்தான் என்றாலும், அடர்ந்த காடும் ஆளில்லாத கரையுமாக அன்றைய ஊர் அதில் துலக்கமாகத் தெரிகிறது. அந்தக் கடல் ஆதிசேது எனப் போற்றப்படுவதால், ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் மக்கள் திரளாக வந்து நீராடுகிறார்கள்.

கப்பலோட்டிகளுக்கு இம்முனை திசை மாற்றும் இடம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய கலங்கரை விளக்கம் ஒன்று கரையில் நின்றது; அது முதலாம் பராந்தகன் காலத்துக்குரியது என்பது வழிவழிச் செய்தி. சிதைந்து எஞ்சியிருந்த அந்தக் கட்டடத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி வீழ்த்தியது. ஆயிரம் ஆண்டுப் பழமை சொல்லப்பட்ட ஒரு சின்னத்தை முன்பே பாதுகாத்திருக்கலாம். பிரித்தானியர் 1890-இல் வேறொரு விளக்கம் அமைத்தனர். பின்னர் அதைவிட உயரமான புதிய விளக்கம் எழுந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ இந்தக் கரையையும் விளக்கத்தையும் தமிழ் வாசகர் வீடுகள்தோறும் கொண்டுசேர்த்தது.

இப்பக்கம் வந்துபோனவர்களில் உப்புச் சத்தியாக்கிரகத்தினரும் உண்டு. வேதாரண்யத்துக்கும் கோடியக்காட்டுக்கும் இடையிலுள்ள அகத்தியம்பள்ளி உப்பளங்களில்தான் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்த தொண்டர்கள் 1930 ஏப்ரல் 30 அன்று தடையை மீறி உப்பு எடுத்தார்கள்.

வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் ஊரின் தோற்றமே மாறிவிடும். கிழக்குக் கரை கொந்தளிக்கும் அந்த மாதங்களில், தெற்கு நோக்கித் திரும்பிய கரைக்குக் காற்றின் நேர்வேகம் அவ்வளவாக வராது. மீன்பாடும் நன்றாக இருக்கும். ஆகவே அக்டோபர் முதல் மார்ச் வரை வேற்றூர் மீனவர்கள் படகுகளோடு வந்து, கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்கிறார்கள். மீன் ஏலம், ஐஸ், கருவாடு என்று வெறும் மணற்பரப்பு சந்தையாகிவிடும்.

அதே பருவத்தில்தான் வடக்கிலிருந்து பறவைகளும் வருகின்றன. சதுப்பில் பூநாரைகளும் உள்ளான்களும் இரை தேடுகின்றன. பாலை மரங்கள் மிகுந்த உலர் பசுமைமாறாக் காட்டையும், அதையடுத்த புல்வெளியில் மேயும் வெளிமான்களையும் காக்க 1967-இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சதுப்பையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் 2002-இல் ராம்சார் ஈரநிலமானது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதியை முதலில் பெற்றது இதுதான். ஆனால் சதுப்பின் ஒரு பகுதி பெரிய உப்பளங்களாக மாறியிருக்கிறது. இங்கே பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர், கரைப்பறவைகள் 1980-களில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிட்டதைப் பதிவு செய்துள்ளனர். காட்டுக்குள் சீமைக்கருவேல் பரவி, மான் மேயும் புல்லை அழித்துவருகிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் முதிர்ந்த மரங்கள் பலவற்றை வேரோடு சாய்த்தது. மெதுவாக வளரும் பாலைக்கு அந்த இடத்தை மீண்டும் பிடிக்க நீண்ட காலம் வேண்டும். சீமைக்கருவேலுக்கு அவ்வளவு காலம் வேண்டாம் என்பதால், அதை அகற்றுவதே இன்று இக்காட்டின் முதல் தேவையாக இருக்கிறது.