தொழில் எல்லையின் ஆட்சி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் இடம், காம்பியாவுடன் ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரி மாவட்டம் 5,143 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 18,79,809 மக்களைக் கொண்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் சிறுநாடுகளுள் ஒன்றான காம்பியாவிலும் 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ அதே அளவு மக்களே இருந்தனர். ஒன்று இறையாண்மை கொண்ட குடியரசு, மற்றொன்று கூட்டாட்சி நாட்டின் ஒரு மாநிலத்துக்குள் அடங்கிய நிர்வாக அலகு என்பதால் இரண்டையும் எல்லா வகையிலும் ஒப்பிட இயலாது. ஆயினும், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களுக்கும் மேலிருந்து அமர்த்தப்பட்ட அலுவலர்களுக்கும் இடையே அதிகாரம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்னும் கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. ஓசூர்–கிருஷ்ணகிரி தொழிற்பகுதியின் வளர்ச்சியைத் தீர்மானிக்கும் முடிவுகளில் முதன்மையானவை உள்ளூர் வாக்காளருக்கு விடை கூறக் கடமைப்படாத அமைப்புகளிடமே உள்ளன என்பதும், அந்நிலை அரசமைப்புச் சட்டம் வகுத்த உள்ளாட்சிக் கோட்பாட்டுக்கு ஒவ்வாதது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அமர்த்தப்பட்ட ஆட்சியின் வரலாறு

1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து, இன்றைய கிருஷ்ணகிரிப் பகுதியை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. அங்கு ஆட்சி செய்த அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும், இடைத்தரகர் இன்றி உழவரிடமே நேராக நிலவரியை வரையறுக்கும் ரயத்துவாரி முறைக்கு இம்மண்ணிலேயே உருக்கொடுத்தனர். அம்முறைக்கு ஒவ்வொரு வயலையும் அளந்து பதியும் வருவாய்த்துறை தேவைப்பட்டது. அத்துறையின் தலைவரான ஆட்சியரிடம் வரியும் அதிகாரமும் ஒருங்கே குவிந்தன. 1965இல் தருமபுரி சேலத்திலிருந்தும், 2004இல் கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்தும் பிரிந்தபோது எல்லைகள் மாறினவே தவிர, ஆட்சியரை மையமாகக் கொண்ட அமைப்பு மாறவில்லை.

காம்பியாவில் பிரித்தானியர் வேறு வழியை மேற்கொண்டனர். காம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த தலைநகரான பஞ்சுலைக் குடியேற்றமாக நேரடியாக ஆண்ட அவர்கள், உள்நாட்டுப் பகுதியை 1894ஆம் ஆண்டின் சட்டத்தின்வழி மரபுத் தலைவர்களைக் கொண்டு ஆண்டனர். இது மறைமுக ஆட்சி எனப்படும். 1965இல் விடுதலையும் 1970இல் குடியரசு நிலையும் பெற்ற பின்னரும், மாவட்டத் தலைவரான செய்ஃபோ, ஊர்த் தலைவரான அல்காலோ ஆகிய பதவிகள் நீடிக்கின்றன; ஐந்து மண்டலங்களின் ஆளுநர்களைக் குடியரசுத் தலைவரே அமர்த்துகிறார். அவற்றோடு, பஞ்சுல் நகர மன்றம், கனிஃபிங் நகராட்சி, மண்டல மன்றங்கள் ஆகியவை மக்கள் வாக்கால் அமைகின்றன. ஒன்று நேரடி ஆட்சி, மற்றொன்று மறைமுக ஆட்சி எனத் தொடக்கம் வேறுபட்டாலும், மேலிருந்து வருபவரின் கை ஓங்கிய இரட்டை அமைப்பையே இரண்டும் மரபுரிமையாக விட்டுச்சென்றன.

தொழிற்பேட்டையும் ஊராட்சியும்

1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட், ஓசூரில் பெருந்தொழில்களுக்கு இடமளித்தது. பெங்களூருவின் அண்மையும் தேசிய நெடுஞ்சாலையும் துணைநிற்க, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் முதலிய நிறுவனங்கள் 1980களில் இங்கு வேரூன்றின. அண்மைக்காலத்தில் போச்சம்பள்ளியில் ஓலா மின்சார இருசக்கர வாகன ஆலையும், ஓசூர்ப் பகுதியில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையும் அமைந்துள்ளன. இவ்வளர்ச்சி பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது என்பதில் ஐயமில்லை. ஐயத்துக்குரியது அதை ஆளும் முறையே.

தொழிற்பேட்டைக்கான நிலம், தொழில் நோக்கங்களுக்கென மாநிலம் 1997இல் இயற்றிய தனிச் சட்டத்தின்படி கையகப்படுத்தப்படுகிறது. மனைகளை ஒதுக்குவதும் உட்சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பேணுவதும் சிப்காட்டின் பொறுப்பு; கழிவைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பணி; நிலப் பயன்பாடு நகர் ஊரமைப்புத் துறைக்கும் ஓசூர் வளர்ச்சிக் குழுமத்துக்கும் உரியது. ஆலையைச் சுற்றியுள்ள ஊராட்சிக்கு எஞ்சுவது, வேலை தேடி வந்த தொழிலாளர் குடியிருக்கும் தெருக்களின் குப்பையும் சாக்கடையும் குடிநீர்த் தட்டுப்பாடுமே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளருள் பலர் இங்குள்ள வாக்காளர் பட்டியலில் இடம்பெறாததால், அவர்களுடைய தேவைகள் ஊராட்சியின் அரசியலில் எடை பெறுவதும் இல்லை. உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளிப் பகுதிகளில் உழவர்கள் நிலமெடுப்பை எதிர்த்து நெடுநாள் போராடியதற்கு, தங்கள் மன்றத்தின் ஒப்புதல் கட்டாயமாக்கப்படாத ஒரு முடிவு தங்கள் மீது சுமத்தப்படுகிறது என்னும் உணர்வும் காரணம் எனலாம்.

தேர்தலின் இடைவெளிகள்

1992ஆம் ஆண்டின் 73, 74ஆவது அரசமைப்புத் திருத்தங்கள், ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த உள்ளாட்சித் தேர்தலை நடத்தி முடிக்கக் கட்டளையிடுகின்றன. கிருஷ்ணகிரியின் 333 ஊராட்சிகளும் 10 ஊராட்சி ஒன்றியங்களும் 2011இல் தேர்தலைக் கண்டன; 2016இல் நடைபெற வேண்டிய தேர்தல் நீதிமன்ற வழக்கில் நின்றுபோக, 2019 டிசம்பரில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. அம்மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது, உரிய காலத்தில் தேர்தல் நடத்தப்படாமையால் பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. 2019இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த ஓசூரின் 45 வார்டுகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் உறுப்பினர் கிடைத்தனர்.

1994இல் இராணுவப் புரட்சியைக் கண்டு, யாஹ்யா ஜாமேயின் கீழ் 2017 வரை 22 ஆண்டுகள் அடக்குமுறை ஆட்சியில் தவித்த காம்பியாவோ 2013, 2018, 2023 என ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தலை நடத்தியுள்ளது. 2018இல் பஞ்சுல் நகரம் தன் முதல் பெண் மேயராக ரோஹி மாலிக் லோவைத் தேர்ந்தெடுத்தது. ஜனநாயகத்தின் தரத்தைத் தேர்தலின் காலமுறை மட்டுமே காட்டிவிடாது. ஆனால் காலமுறைகூட இல்லாத இடத்தில் தரத்தைப் பற்றிப் பேசுவதற்கு அடிப்படையே இல்லை.

எல்லைக்கு அப்பாலான முடிவுகள்

பெங்களூருவின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. அந்நீரால் பாதிக்கப்படும் ஊராட்சிக்குக் கர்நாடகத்தோடு பேசும் நிலை இல்லை. 2024 ஜூனில் ஓசூருக்கு அறிவிக்கப்பட்ட பன்னாட்டு விமான நிலையத்துக்கு, பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் உள்ள 150 கிலோமீட்டர் வரம்பு 2033 வரை தடையாக நிற்கிறது. மூன்று புறமும் செனகலால் சூழப்பட்ட காம்பியா, 2016இல் படகுக் கட்டணத் தகராறால் எல்லைப் போக்குவரத்து முடங்கியபோது அண்டை அரசோடு தானே பேசியது; 2019 ஜனவரியில் காம்பியா ஆற்றின் இரு கரைகளையும் இணைத்து இரு நாட்டுப் போக்குவரத்துக்கும் உதவும் பாலமும் திறக்கப்பட்டது. மாவட்டம் ஒன்றுக்கு அத்தகைய இறையாண்மை இருக்க முடியாது; ஆனால் ஓசூரும் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் உள்ள ஆனேக்கல்லும் நீர், கழிவு, போக்குவரத்து பற்றிக் கலந்துபேச, இருபுற உள்ளாட்சிகளும் இடம்பெறும் கூட்டுக்குழு அமைவதற்கு இறையாண்மை தேவையில்லை.

மறுப்பும் விடையும்

சிறு ஊராட்சிகளுக்குத் தொழில்நுட்பத் திறன் போதாது, முதலீட்டுக்கு விரைவான ஒற்றைச் சாளர அனுமதி தேவை என்னும் மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் திறன் என்பது பொறுப்பும் நிதியும் பெற்ற பின்னரே வளர்வது. பொறுப்பே தராமல் திறனின்மையைக் காட்டி மறுப்பது நேர்மையான வாதமாகாது. அரசமைப்பின் 243 இசட்.டி. பிரிவு, ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள் உள்ளாட்சிப் பிரதிநிதிகளாலேயே தேர்ந்தெடுக்கப்படும் மாவட்டத் திட்டக் குழுவை வகுத்துள்ளது. ஊரும் நகரமும் ஆலையும் ஒன்றோடொன்று கலந்துவிட்ட இம்மாவட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான மன்றம் வேறில்லை.

எனவே, தேர்தல்கள் உரிய காலத்தில் நடத்தப்பட வேண்டும். சிப்காட் வளாகங்களின் மேலாண்மையில் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கு இடமும் பராமரிப்புக் கட்டணத்தில் பங்கும் அளிக்கப்பட வேண்டும். புதிய நிலமெடுப்பு ஒவ்வொன்றும் கிராம சபையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவோர் அனைவருக்கும் விளங்கும்படி விவாதிக்கப்பட்டு, மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. மாநில அரசு மனம் வைத்தால் போதும்.