வேந்தர் வரலாறும் மக்கள் வரலாறும்

சென்னைப் பல்கலைக்கழக இந்திய வரலாறு, தொல்பொருளியல் துறை 1914-இல் தோன்றியது. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அதன் முதற் பேராசிரியர். 1929-இல் அவர்க்குப்பின் வந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் இரு பகுதிகளாக 1935, 1937-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். கல்வெட்டுகளையே முதன்மைச் சான்றாகக் கொண்ட அந்நூலே இத்துறையின் தலையாய பேறு எனக் கருதுவோர் பலர். யாம் அதனை மறுக்கின்றிலோம்.

எனினும் கல்வெட்டு, பெரும்பாலும் வேந்தர், கோயில், நிலக்கொடை ஆகியவற்றையே கூறும். ஆடைக்குச் சாயந் தோய்த்தோரின் தொழிற்களத்தைக் காட்டுவது அரிது. 1965 முதல் 1969 வரை இத்துறையினர் பண்டைச் சோழர் தலைநகராகிய உறையூரில் அகழ்ந்தபோது, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் சாயத்தொட்டியும் வெளிப்பட்டன. கோநகர் என்றே அறியப்பட்ட ஊர், தொழில்நகராகவும் விளங்கியமை இவற்றாற் புலனாகும்.

ஆதலின், கல்வெட்டையும் பானையோட்டையும் ஒருங்குவைத்து ஆராய்ந்தாலன்றித் தமிழக வரலாறு நிறைவுறாது என்பது எம் துணிபு.