கணக்குக் காட்டாதவருக்கு ஓலை இல்லை



உள்ளாட்சித் தேர்தலில் யாரை ஆதரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊரில் நிற்கும் இருவருமே என்னிடம் படித்தவர்கள்.

மாமல்லபுரம்தான் போகணும் என்று நீங்கள் அடம்பிடிக்க, நான் உத்திரமேரூருக்கு அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? அன்று அது நம் செங்கல்பட்டு மாவட்டம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921. மொத்தம் 30 குடும்புகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள்.

ஆனால் ஓலை போடுவதற்கு முன்பே சலித்துவிட்டார்கள். வயது 35 முதல் 70. பிறர் பொருளைக் கவர்ந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது.

குறையையும் சொல்ல வேண்டும். அது நிலமுள்ள பிராமணர்களின் சபை. பெண்களுக்கோ உழுதவர்களுக்கோ அதில் இடமில்லை. அந்த விதிகள் ஒழிந்தது நல்லதே. கணக்கு விதியை மட்டும் நாம் கைவிடக் கூடாது. இன்று சல்லடை நம் கையில்தான் இருக்கிறது.

இருவரில் ஒருவர் என் செல்லப் பிள்ளை. ஊர்த் திருவிழாப் பணத்துக்கு இன்றுவரை கணக்குத் தரவில்லை. "கணக்கைக் காட்டுப்பா, அப்புறம் ஓட்டுக் கேள்" என்று நேரிலேயே சொல்லிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. இருந்தாலும் சொன்னது சரிதான்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்