பரமபதமும் மனம் திறந்த பேச்சும்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபத சோபானப் படத்தை விரித்து ஆடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஒருமுறை, உச்சியை நெருங்கியிருந்த என் பாட்டனாரின் காய் பாம்பின் வாயில் விழுந்தது. அதைக் கீழே நகர்த்திக்கொண்டே, "தம்பியிடம் அன்று நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். சகோதரர் இருவரும் பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை என்பதை ஊரே அறியும். பாட்டனார் தம் தவற்றை வாய் திறந்து ஒப்புக்கொண்டது அன்றுதான். இந்த விளையாட்டின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்த இரவே நினைவுக்கு வருகிறது.

வட இந்தியாவில் பரமபதத்தின் உறவான ஆட்டத்துக்கு ஞான சௌபர் என்று பெயர். சமணர்களிடம் 84 கட்டங்கள் கொண்ட பலகையும், வைணவர்களிடம் 72 கட்டங்கள் கொண்டதும் வழங்கின. கட்டங்களில் இருந்தவை வெறும் எண்கள் அல்ல. கோபம், பொறாமை, கருணை என மனநிலைகளின் பெயர்களும், உலகங்களின் பெயர்களும் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. ஹரீஷ் ஜோஹரி ஆங்கில விளக்கவுரையுடன் வெளியிட்ட 72 கட்டப் பலகையில் 54ஆம் கட்டம் பக்தி. அங்கிருந்து நேரே 68ஆம் கட்டமான வைகுண்டத்துக்கு ஏறிவிடலாம். வைகுண்டத்தில் நிற்காமல் தாண்டிப் போனவரை 72ஆம் கட்டத்துப் பாம்பு 51ஆம் கட்டமான பூமிக்கு இறக்கிவிடும். அவர் மீண்டும் ஏறி வர வேண்டும். தம் காய் நிற்கும் கட்டத்தின் பெயரை ஒருவர் உரக்க வாசித்தாலே போதும், அடுத்தவர் ஏதேனும் கேட்பார்; பேச்சு தொடங்கிவிடும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்தில் அச்சேறியது. அங்கும் தொடக்ககாலப் பலகைகளில் நற்குணங்களும் தீய குணங்களும் சித்திரிக்கப்பட்டிருந்தன. நாளடைவில் அவை உதிர்ந்து, எண்களும் பாம்புகளும் ஏணிகளுமே எஞ்சின. குழந்தைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் விழுந்தவன் எதனால் விழுந்தான் என்று கேட்க அதன்பின் வழியில்லை.

அந்தக் கேள்வி வேறொரு திசையிலிருந்து மீண்டும் வந்தது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் 1962இல் உருவான ஃபிண்ட்ஹார்ன் ஆன்மிகக் குடியிருப்பில், 1970களில் ஜாய் டிரேக் என்பவர் 'டிரான்ஸ்ஃபர்மேஷன் கேம்' என்ற பலகை விளையாட்டை வடிவமைத்தார். கேத்தி டைலர் அவருடன் சேர்ந்து அதை வளர்த்தார். ஆடுபவர் முதலில் தம் வாழ்வில் எதைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறார் என்று சொல்ல வேண்டும். பிறகு பகடை அவரை உள்ளொளிச் சீட்டுக்கோ பின்னடைவுச் சீட்டுக்கோ கொண்டு செல்லும். எடுத்த சீட்டைத் தம் வாழ்வோடு பொருத்தி மற்றவர்களிடம் பேசுவதே ஆட்டத்தின் சாரம். ஃபிண்ட்ஹார்ன் அறக்கட்டளை 2023இல் தன் பயிற்சி வகுப்புகளை நிறுத்திக்கொண்டது.

இந்த ஆட்டம் ஞான சௌபரின் நேர் வாரிசு என்று நான் வாதிடவில்லை. இரண்டும் மனித மனத்தின் ஒரே கூச்சத்தை அறிந்திருந்தன என்றே சொல்கிறேன். நேருக்கு நேர் "நீ கோபக்காரன்" என்றால் எவரும் தற்காப்புக்குச் சொல் தேடுவார். பகடைக்கு யார்மீதும் பகையில்லை. அது காட்டிய கட்டத்தை மறுக்கும் அவசியமும் எவருக்கும் இல்லை. உடன் ஆடுபவர்களும் சற்று முன்போ பின்போ அதே பாம்பிடம் கடிபட்டவர்கள்தாம்.

பாட்டனார் அன்று சொன்னது விடிவதற்குள் அவர் தம்பியின் காதுக்கு எட்டியது. துவாதசி அன்று சின்னப் பாட்டனார் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். இருவரும் அதிகம் பேசவில்லை. படத்தை மடித்து வைக்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.