தனித்தனியா கேட்டா தெரியும்
லயத்துல சண்டைன்னா பெரியவங்க ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிப்பாங்க. கூடிப் பேசாதவங்க பொய் சீக்கிரம் மாட்டிக்கும். 1988இல் கோல்ட்வாசர் உள்ளிட்ட கணினி அறிஞர்கள் இதையே நிரூபண முறையாக்கினார்கள். நடுவர் இருவரையும் பிரித்துவைத்துக் கேட்பார். விடைகள் பொருந்தினால் வெற்றி.

2002இல், விசைத்தறி ஊரான இச்சல்கரஞ்சியைச் சேர்ந்த சுபாஷ் கோட் இன்னொரு ஆட்டத்தை எடுத்தார். அதில் ஒருவரின் ஒவ்வொரு விடைக்கும் மற்றவரின் ஒரே விடைதான் பொருந்தும். ஏறத்தாழ எப்போதும் வெல்லலாமா, ஏறத்தாழ எப்போதும் தோல்வியா என்று பிரித்தறிவதே கணினிக்கு மிகக் கடினம் என்பது அவரது ஊகம். அது சரியென்றால், பல கணக்குகளுக்குத் தோராய விடையைக்கூட ஓர் எல்லைக்கு மேல் வேகமாக நெருங்க முடியாது.

2014இல் அவருக்கு நெவன்லின்னா பரிசு கிடைத்தது. ஊகம் இன்னும் நிரூபணமாகவில்லை. வேற யாரோ முடிக்கணும். அது நம்ம தோட்டத்துப் பிள்ளையா இருக்கக் கூடாதா?